எல்இடி ஹெட்லைட்டை வீட்டிலேயே மாற்றலாமா? பெங்களூரு நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

அல்சூரில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். சேலம், தர்மபுரி, வேலூர், திருப்பத்தூர் என்று பல ஊர்களிலிருந்து இங்கே வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள். வெள்ளிக்கிழமை இரவு வேலை முடித்து ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஹெட்லைட் ஓயாத கவலை. அட்டிபெலே தாண்டியதும் தெருவிளக்கு குறையும், வழியில் எங்கே மேடு எங்கே பள்ளம் என்று தெரியாது. "எல்இடி போட்டுடலாமா?" என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. என்னிடம் இதுவரை கேட்கப்பட்டவற்றை, நான் சொன்ன பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். 2012-இல் வாங்கிய சின்ன கார் ஒன்றை இன்றும் ஓட்டுகிறேன். அதில் எல்இடியும் மாட்டியிருக்கிறேன், கழற்றியும் இருக்கிறேன்.

மாட்டியதை ஏன் கழற்றினீர்கள்?

ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நடந்தது. முன்னால் மாமா அவர் வண்டியில், பின்னால் நான். கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் எல்இடி மாட்டியிருந்தேன். கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் அடித்துப் பார்த்தபோது பட்டப்பகல் மாதிரி இருந்தது. தொப்பூர் இறக்கம் முடிந்து ஒரு டீக்கடையில் நின்றோம். மாமா இறங்கி வந்து, "மாப்ளே, உன் லைட்டு என் மூணு கண்ணாடியிலயும் அடிக்குது. முன்னாடி லாரி இருக்கா இல்லையான்னே தெரியாம இறங்கினேன். இனி நீ முன்னால போ" என்றார். அவருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பின் சீட்டில் அத்தையும் இரண்டு குழந்தைகளும்.

தொப்பூரில் சேலம் பக்கம் இறங்கும்போது பின்னால் வருகிற வண்டி முன்னால் போகிற வண்டியைவிட உயரத்தில் இருக்கும். சமதளத்திலேயே மேலே சிதறுகிற வெளிச்சம் அந்த இறக்கத்தில் நேராக முன்வண்டிக்காரரின் கண்ணாடிக்குப் போகும். அந்த இரட்டைப் பாலம் பக்கம் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்பது அந்த வழியில் போகிற எல்லோருக்கும் தெரியும். அன்று எனக்கு வழி காட்டிய வெளிச்சம்தான் மாமாவுக்கு வழியை மறைத்தது. ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே பழைய பல்பைத் திரும்ப மாட்டினேன். அதற்குப் பிறகுதான் இதை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

நேரடியாகச் சொல்லுங்கள், மாற்றலாமா கூடாதா?

உங்கள் ஹெட்லைட்டில் பளபளக்கும் கிண்ணம் மட்டும் இருந்தால், அதாவது ரிஃப்ளெக்டர் வகை என்றால், முதலில் அடுத்த பதிலில் சொல்லும் மற்ற வேலைகளைச் செய்து பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். உருண்டைக் கண்ணாடி வில்லை உள்ள புரொஜெக்டர் வகை என்றால் நல்ல எல்இடி பல்ப் ஓரளவு ஒழுங்காக வேலை செய்ய வாய்ப்பு உண்டு. இரண்டிலும் சட்டச் சிக்கல் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். என் வண்டியில் இன்று எரிவது ஹாலஜன், அதாவது உள்ளே கம்பி இழை எரியும் பழைய வகை பல்ப். இரவு ஓட்டுவதில் எனக்கு இப்போது குறையில்லை.

ஹாலஜனே நன்றாக எரியும் என்றால் என் லைட் ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது?

பல்பைக் குறை சொல்வதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது ஹெட்லைட்டின் முன்கண்ணாடி. கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, இன்றைய கார்களில் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். வெயிலில் நிற்கிற வண்டியில் சில ஆண்டுகளில் அந்தப் பூச்சு போய், பிளாஸ்டிக் மஞ்சளாகிப் புகை படிந்தது போல ஆகிவிடும். உள்ளே எந்த பல்ப் எரிந்தாலும் வெளிச்சம் அங்கேயே சிதறிப் போகும். மங்கிய கண்ணாடிக்குள் எல்இடி போடுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும், சிதறுகிற வெளிச்சத்தின் அளவுதான் கூடும். 800, 1000, 2000 எண் தண்ணீர் உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் காப்புப் பூச்சு அடிக்க வேண்டும். பூச்சு அடிக்காமல் பாலிஷோடு நிறுத்தினால் சில மாதங்களில் மறுபடி மஞ்சளாகும்.

இரண்டாவது வோல்டேஜ். பழைய சின்ன கார்கள் பலவற்றில் பல்புக்குப் போகும் மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. 55 வாட் பல்ப் ஒன்றுக்கு ஏறத்தாழ நாலரை ஆம்பியர். மெல்லிய வயர், கருத்துப்போன கனெக்‌ஷன், தேய்ந்த சுவிட்ச் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஹாலஜனின் குணம் என்னவென்றால், வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் மிக அதிகமாகக் குறையும். 13.2 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 12 வோல்ட்தான் கிடைத்தால் வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரால் பேட்டரி முனையில் ஒரு முறை, பல்பில் செருகியிருக்கும் இணைப்பான கப்ளரின் பின்பக்கம் ஒரு முறை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வோல்ட் வித்தியாசம் இருந்தால் ரிலே வயரிங் செட் போடுங்கள். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாகத் தடித்த வயரில் மின்சாரம் நேராக பல்புக்கு வரும், பழைய சுவிட்ச் ரிலேயைத் தூண்டும் வேலையை மட்டும் பார்க்கும். என் வண்டியில் இதைச் செய்த அன்று இரவு, அதே பல்ப்தானா என்று இறங்கிப் பார்த்தேன்.

மூன்றாவது, லைட் எங்கே பார்க்கிறது என்பது. பம்பர் ஒரு முறை கழற்றி மாட்டப்பட்டிருந்தால், சின்ன இடி ஒன்று வாங்கியிருந்தால், ஹெட்லைட் தரையையோ மரக்கிளையையோ பார்த்துக்கொண்டிருக்கும். டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட சக்கரம் இருந்தால் அது 3-இல் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆள், பெட்டி எல்லாம் ஏற்றி பின்பக்கம் தாழும்போது லைட்டைக் கீழே இறக்குவதற்காக வைத்தது அது. எண் கூடக்கூட லைட் தாழும். தனியாக ஓட்டும்போது 0-இல் இருக்க வேண்டும்.

எல்இடி பல்ப் போட்டால் எதிரே வருபவருக்கு ஏன் கண் கூசுகிறது? பிராண்ட் நல்லதாக இருந்தாலும் அப்படியா?

ஹெட்லைட் என்பது பல்பும் கிண்ணமும் சேர்ந்த ஒரே கருவி. கிண்ணத்தின் ஒவ்வொரு வளைவும், ஹாலஜன் பல்புக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் நீள இழை சரியாக எந்தப் புள்ளியில் இருக்கும் என்று கணக்குப் போட்டு வார்க்கப்பட்டது. இழை உருளையான கம்பிச்சுருள், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஒளி விடும். எல்இடி பல்பில் இருப்பது ஒரு தகடு, அதன் இரண்டு பக்கமும் ஒட்டிய சின்னச் சின்ன சில்லுகள். ஒளி இரண்டு பக்கமாகத்தான் போகும். தகடு தடிமனாக இருந்தால் இரண்டு பக்கச் சில்லுகளும் இழை இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகிப்போகும். ஒரு மில்லிமீட்டர் விலகல் என்பது கையில் பார்க்க ஒன்றுமில்லை. கிண்ணம் அதைப் பெரிதாக்கி ஐம்பது மீட்டர் தூரத்தில் எதிரே வருபவரின் கண் உயரத்துக்குக் கொண்டுபோய்விடும்.

எச்4 என்ற வகை பல்பில் சிக்கல் இன்னும் கூடுதல். ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள், லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. லோ பீம் இழைக்குக் கீழே ஒரு குட்டி உலோகக் கரண்டி இருக்கும், பழைய பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். கிண்ணத்தின் கீழ்ப்பாதியில் ஒளி படாமல் மறைப்பது அதன் வேலை. கீழ்ப்பாதியில் படுகிற ஒளிதான் மேல்நோக்கிப் போகும் என்பதால் அந்த மறைப்பு எதிரே வருபவருக்குப் பாதுகாப்பு. எல்இடி பல்பில் அந்தக் கரண்டியின் வடிவத்தையும் இடத்தையும் அச்சு அசலாகப் பின்பற்றியவை குறைவு.

புரொஜெக்டரில் வெட்டுக்கோட்டை, அதாவது லோ பீம் வெளிச்சம் அதற்கு மேலே போகாமல் நிற்கும் எல்லைக்கோட்டை, உருவாக்கும் தகடு பல்பில் இல்லை, ஹெட்லைட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பல்ப் மாறினாலும் வெட்டுக்கோடு பெரும்பாலும் நிற்கும். ஆனால் கோட்டுக்குக் கீழே வெளிச்சம் சரியாகப் பரவுகிறதா, தூரத்துக்குப் போகிறதா என்பது அங்கேயும் பல்பைப் பொறுத்ததுதான்.

சுவரில் அடித்துப் பார்த்தேன், ஹாலஜனைவிட எல்இடி பல மடங்கு பளிச்சென்று இருக்கிறதே?

நானும் அப்படித்தான் நம்பினேன். கிட்டத்தில் இருக்கும் சுவர் தூரத்து இருட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பம்பருக்கு முன்னால் பத்து மீட்டருக்குள் தரை பளீரென்று இருந்தால் கண்ணின் பாவை சுருங்கிவிடும். சுருங்கிய பாவைக்கு அறுபது மீட்டர் தள்ளி நடந்துபோகிற ஆள் தெரிய மாட்டார். ஓட்டுகிறவருக்கு நிறைய வெளிச்சம் இருப்பதாகத் தோன்றும், ஆனால் பார்க்கிற தூரம் குறைந்திருக்கும்.

எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். ஆளைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி, பிறகு வண்டி நிற்க வேண்டிய தூரம், எல்லாம் சேர்ந்தால் காய்ந்த சாலையிலேயே ஏறத்தாழ 70 மீட்டர். அந்த 70-ஆவது மீட்டரில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதுதான் கேள்வி. போனில், விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, பத்து மீட்டர் தள்ளி, வெளிச்சம் மிகக் குவிந்து விழும் இடத்தில் போனைப் பிடித்து ஹாலஜனுக்கும் எல்இடிக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போனின் எண் துல்லியமாக இருக்காது. ஒரே போனில் இரண்டையும் ஒப்பிட அது போதும். என் பழைய எல்இடியில் குவிந்த இடத்து எண் ஹாலஜனைவிடக் குறைவாக வந்தது.

பெட்டியில் 20,000 லூமென் என்று போட்டிருக்கிறார்களே?

நம்ப வேண்டாம். லூமென் என்பது பல்ப் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. தரமான எச்4 ஹாலஜன் லோ பீமில் ஏறத்தாழ 1,000 லூமென், ஹை பீமில் 1,650 லூமென் தருகிறது. எச்7 ஏறத்தாழ 1,500. எல்இடி சில்லு ஒரு வாட்டுக்கு நூறு லூமெனை ஒட்டித் தரும் என்று வைத்துக்கொண்டால், 25 வாட் பல்ப் 2,500 லூமெனுக்குப் பக்கத்தில்தான் வரும். 20,000 வேண்டுமென்றால் 200 வாட் தேவை. அந்தச் சூட்டை விரல் அளவுள்ள ஒரு விசிறியால் வெளியேற்ற முடியாது. மேலும், சில்லு சூடேறச் சூடேற வெளிச்சம் தானாகக் குறையும். போட்ட உடனே ஒரு முறை, அரை மணி நேரம் எரியவிட்டு ஒரு முறை அளந்தால் பல்பின் தரம் தெரிந்துவிடும்.

என் வண்டியில் எந்த வகை பல்ப் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வண்டியோடு வந்த கையேட்டில் பல்ப் பட்டியல் இருக்கும். இல்லையென்றால் பழைய பல்பைக் கழற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள், அச்சிட்டிருக்கும். மூன்று முனை இருந்தால் எச்4. லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் தனித்தனி பல்ப் என்றால் எச்7, எச்11, எச்பி3 போன்றவற்றில் ஒன்று.

மழையிலும் பனியிலும் வெள்ளை நல்லதா, மஞ்சள் நல்லதா?

ஒளியின் நிறத்தை கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள், எண் கூடக்கூட நீலம் கூடும். ஹாலஜனின் நிறம் 3,200 கெல்வினை ஒட்டிய இளமஞ்சள். கடைகளில் கிடைக்கும் எல்இடி பெரும்பாலும் 6,000 முதல் 6,500 கெல்வின், நீலம் கலந்த வெண்மை. வெள்ளை எல்இடி என்பதே நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான். அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று ஊரெங்கும் சொல்வார்கள். பனித்துளியும் மழைத்துளியும் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மார்கழி விடியற்காலையில் ஓசூர் தாண்டிப் பனிக்குள் நுழையும்போது எல்இடி தொல்லை தருவதற்கு முதல் காரணம், வெட்டுக்கோட்டுக்கு மேலே கசியும் ஒளி கண்ணுக்கு முன்னால் இருக்கும் பனியையே வெள்ளைத் திரையாக்குவதுதான். அதோடு நீலம் மிகுந்த ஒளி கண்ணை அதிகம் உறுத்தும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். எல்இடி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் 4,300 கெல்வினை ஒட்டி இருப்பதைத் தேடிப் பிடியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? போலீஸ் அபராதம் போடுவார்களா?

போடலாம். ஹெட்லைட் எந்த பல்போடு சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றதோ, அந்த பல்போடு இருக்கும்வரைதான் அந்த ஒப்புதல். ஹாலஜனுக்காகச் செய்த ஹெட்லைட்டில் எல்இடி போட்டால் அது போய்விடுகிறது. பெட்டியில் சிஇ என்ற ஐரோப்பியக் குறி அச்சிட்டிருப்பதைக் காட்டிக் கடைக்காரர் ஒப்புதல் என்பார். அது ஒளிக்கற்றைக்கான ஒப்புதல் அல்ல. ஜெர்மனியில் 2020-இலிருந்து சில எல்இடி மாற்று பல்புகளுக்குச் சாலை அனுமதி கிடைத்திருக்கிறது, அதுவும் ஒவ்வொரு கார் மாடலாகச் சோதித்து, பட்டியலில் உள்ள மாடல்களுக்கு மட்டும்.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றி அமைப்பதைப் பற்றியது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. கண் கூசும் லைட்டுகளுக்கு எதிராக 2024 ஜூலையில் கர்நாடகக் காவல்துறை மாநிலம் முழுவதும் தனி நடவடிக்கையே எடுத்தது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆம் விதி. லைட்டிலிருந்து 8 மீட்டர் தள்ளி, விளக்குக்கு வலப்பக்கம் அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூசக் கூடாது என்கிறது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். வீட்டில் ஒருவரை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து லோ பீம் போடச் சொல்லிவிட்டு, நீங்கள் அந்த இடத்தில் போய், கண் அந்த உயரத்துக்கு வரும்படி லேசாகக் குனிந்து நின்று பாருங்கள். என் எல்இடி வெளிச்சத்தில் மனைவியை நிற்கவைத்துப் பார்த்தேன், கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பெங்களூருவில் எங்கே வாங்குவது?

ஜே.சி. ரோடு. டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் போகும் வழியில் இரண்டு பக்கமும் கார் சாமான் கடைகள். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்கிற கடைகள் அங்கே நிறைய உண்டு. ஹாலஜன் என்றால் பெயருள்ள கம்பெனி பல்பாக, ஈ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் வட்டத்துக்குள் அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். எல்இடி என்றால் தகடு எவ்வளவு மெல்லியது, சில்லு பழைய இழையின் நீளத்துக்குள் அடங்குகிறதா என்று பழைய பல்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கழுத்து வளையத்தைத் திருப்பி இறுக்கும் வசதி இருக்க வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரு கடையில் எனக்கு 100/90 வாட் ஹாலஜனை "இது ஒண்ணு போதும் சார்" என்று நீட்டினார்கள். அதை வாங்கவே கூடாது. 60/55 வாட்டுக்குச் செய்த வயரும் ஹோல்டரும் அந்தச் சூட்டில் உருகிவிடும்.

சரி, மாற்றியே பார்க்கிறேன். எப்படி மாட்டுவது?

பழைய பல்பைத் தொடுவதற்கு முன், வண்டியைச் சுவருக்கு நேராக ஐந்து மீட்டர் தள்ளிச் சமதளத்தில் நிறுத்தி லோ பீம் போடுங்கள். ஹாலஜனின் வெட்டுக்கோடு எங்கே விழுகிறதோ அங்கே சுவரில் டேப் ஒட்டுங்கள். இடது லைட்டை மூடி வலதுக்கு, வலதை மூடி இடதுக்கு என்று தனித்தனியாக ஒட்டுங்கள். இந்த டேப்தான் பிறகு உங்களுக்கு அளவுகோல். இதைச் செய்யாமல் பல்பைக் கழற்றிவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

பிறகு லைட்டை அணைத்து, சாவியை எடுத்து, பல்ப் ஆறும்வரை பொறுங்கள். பானெட்டைத் திறந்து ஹெட்லைட்டின் பின்னால் கப்ளரை நேராகப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். எச்4 என்றால் ரப்பர் மூடியைக் கழற்றியதும் கம்பி கிளிப் ஒன்று தெரியும். அதை அழுத்திப் பக்கவாட்டில் விலக்கினால் பல்ப் கையோடு வரும். கிளிப்பை அதிகம் வளைத்துவிடாதீர்கள், அது தளர்ந்தால் பல்ப் ஆடிக்கொண்டே இருக்கும். எல்இடியின் கழுத்து வளையத்தைத் தனியாகக் கழற்ற முடிந்தால் அதை முதலில் ஹெட்லைட்டில் பொருத்தி, கிளிப் போட்டு, ரப்பர் மூடியை மாட்டி, கடைசியில் பல்பை உள்ளே செருகித் திருப்புங்கள்.

செருகிய பிறகு சில்லுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பது முக்கியம். எச்7, எச்11 வகைகளில் தகடு செங்குத்தாக நின்று, சில்லுகள் கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணி பக்கங்களைப் பார்க்க வேண்டும். எச்4-இல் லோ பீம் சில்லுக்கு உள்ள மறைப்புத் தகடு கீழே இருக்க வேண்டும். இரண்டு முனைக் கப்ளரில் எரியவில்லையென்றால் திருப்பிச் செருகிப் பாருங்கள், எல்இடிக்கு நேர், எதிர் முனை உண்டு. ஜப்பானிய வடிவமைப்புக் கார்கள் சிலவற்றில் எச்4 சுவிட்ச் எதிர்முனைப் பக்கம் இருக்கும். அங்கே லோ பீமும் ஹை பீமும் குழம்பி எரிந்தால் பல்ப் பழுது என்று எண்ண வேண்டாம், அதற்கென்று தனி இணைப்பு வயர் கிடைக்கும்.

எந்த வயரையும் வெட்டாதீர்கள். வெட்டினால் வாரண்டி கேட்கப் போகும்போது சிக்கல், திரும்ப ஹாலஜனுக்கு வருவதும் சிக்கல். ஹாலஜனைக் கையாளும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அதிகம் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.

சுவரில் அளவு பார்ப்பது எப்படி?

டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். ஹெட்லைட்டின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து, அதே உயரத்தைச் சுவரில் குறியுங்கள். லோ பீம் பொதுவாக நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் கீழே இறங்க வேண்டும். பத்து மீட்டரில் 10 செ.மீ., ஐந்து மீட்டரில் 5 செ.மீ. உங்கள் வண்டிக்கான எண் ஹெட்லைட்டின் மேலேயோ பானெட்டுக்கு அடியிலோ 1.0% அல்லது 1.3% என்பது போல அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். வெட்டுக்கோடு மையக் குறிக்கு அந்த அளவு கீழே விழ வேண்டும். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் கோட்டின் இடது பகுதி சற்று மேலேறி ஓரத்தைக் காட்டும், வலது பகுதி தாழ்ந்து கிடக்கும். தலைகீழாக வலப்பக்கம் ஏறினால் அந்த ஹெட்லைட்டே வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்தது.

ஹெட்லைட்டின் பின்னால் இரண்டு திருகுகள் இருக்கும், ஒன்று மேலும் கீழும், மற்றது இடமும் வலமும். கால் சுற்று திருப்பி, சுவரைப் பார்த்து, மறுபடி கால் சுற்று. அவசரப்பட வேண்டாம்.

எல்இடி போட்ட பிறகு கோடு டேப்பில் வந்து உட்காருகிறதா, அதற்கு மேலே சுவர் இருட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். கோடே இல்லாமல் மேலும் கீழும் ஒரே வெள்ளையாகப் பரவினால், எவ்வளவு திருகினாலும் சரியாகாது. லைட்டை மேலும் கீழே இறக்கிவிட்டால் போதும் என்று சிலர் சமாளிப்பார்கள். அப்போது உங்களுக்குத் தூரம் தெரியாது, சிதறல் மட்டும் அப்படியே மிச்சமிருக்கும். அந்த பல்ப் உங்கள் ஹெட்லைட்டுக்குப் பொருந்தவில்லை, கழற்றிவிடுங்கள்.

டாஷ்போர்டில் பல்ப் பழுது என்று வருகிறது, லைட் துடிக்கிறது, ஏன்?

புதிய கார்களின் கணினி பல்ப் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 55 வாட் இழுத்த இடத்தில் 25 வாட் இழுத்தால் பல்ப் போய்விட்டது என்று எண்ணிக்கொள்ளும். இதற்கு டிகோடர் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். சிலவற்றில் உள்ளே இருப்பது வெறும் ரெசிஸ்டர். மிச்சப்பட்ட மின்சாரத்தை அது சூடாக எரிக்கும், தொட்டால் கை வெந்துபோகும். பிளாஸ்டிக்கிலோ வயர்க் கட்டிலோ படாமல் உலோகத்தில் பொருத்த வேண்டும். எஃப்.எம். ரேடியோவில் கரகரப்பு வந்தால் அது எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் சர்க்யூட் மட்டமாக இருப்பதன் வேலை.

ஹெட்லைட்டுக்குள் நீராவி படிகிறதே?

ஹாலஜன் முன்பக்கமாகச் சூட்டை வீசி உள்ளே இருக்கும் ஈரத்தை உலர்த்திவிடும். எல்இடியின் சூடு பின்பக்கம் போகிறது, முன்கண்ணாடி குளிர்ந்தே இருக்கும். விசிறி இடிக்கிறது என்று பின்மூடியைத் திறந்தே விட்டால் மழைக்காலத்தில் தண்ணீரும் மற்ற நாட்களில் தூசியும் கிண்ணத்தில் படியும். கிண்ணத்தின் பளபளப்பு போனால் ஹெட்லைட்டையே மாற்ற வேண்டியதுதான். மூடி போட முடியாத பல்பை வாங்காதீர்கள்.

ஹெட்லைட்டைத் திறந்து புரொஜெக்டரே வைத்துத் தருகிறார்களே, அது நல்லதா?

வெளிச்சத்தின் ஒழுங்கு என்று பார்த்தால் பல்ப் மாற்றுவதைவிட நல்லது, வெட்டுக்கோடு கூர்மையாக விழும். ஆனால் ஹெட்லைட்டைச் சூடேற்றிப் பிரித்து மறுபடி ஒட்டுகிறார்கள். ஒட்டு சரியில்லையென்றால் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கும். சட்டத்தின் பார்வையில் இதுவும் மாற்றம்தான். வீட்டில் செய்யக்கூடிய வேலையும் இல்லை. உங்கள் மாடலிலேயே மேல்வகையில் கம்பெனி எல்இடி ஹெட்லைட் வந்திருந்தால், அந்த முழு ஹெட்லைட்டையும் உங்கள் வண்டியில் போட முடியுமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள்.

எதிரே வருகிறவர் கண் கூசும் லைட்டோடு வந்தால் நான் என்ன செய்வது?

பதிலுக்கு ஹை பீம் அடிக்காதீர்கள், இரண்டு பேருக்கும் கண் தெரியாமல் போகும். காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, பார்வையை உங்கள் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுபோங்கள். அவர் கடந்துபோன பிறகும் கண் தெளியச் சில நொடிகள் ஆகும், வயது கூடக்கூட அந்த நேரமும் கூடும். அதுவரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். பின்னாலிருந்து அடித்தால் உள்கண்ணாடிக்குக் கீழே உள்ள குட்டி நெம்புகோலைத் தள்ளி இரவு நிலைக்கு மாற்றிவிடுங்கள். காரின் முன்கண்ணாடியை, அதாவது விண்ட்ஷீல்டை, உள்பக்கமும் துடையுங்கள், அங்கே படியும் எண்ணெய்ப் படலம் எதிர் வெளிச்சத்தில் முழுக்க வெள்ளையாகிவிடும். கிருஷ்ணகிரி சாலையில் நடுத்திட்டில் அரளி அடர்ந்திருக்கும் இடங்களில் எதிர் வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது. அதற்காகவும்தான் அதை அங்கே நட்டு வளர்க்கிறார்கள். செடி பட்டுப்போன இடைவெளிகளில்தான் திடீரென்று அடிக்கும், அங்கே முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள்.

எல்இடி போட்டுவிட்டேன், நன்றாகவும் இருக்கிறது. பழைய ஹாலஜனைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். இரண்டையும் கண்ணாடியில் கை படாமல் அட்டைப் பெட்டியில் வைத்து, கூடவே ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர் என்று வண்டியிலேயே வைத்திருங்கள். எல்இடியின் விசிறி நின்றாலும் டிரைவர் சர்க்யூட் போனாலும் அந்த பல்ப் நடுவழியில் அணைந்துவிடும், வழியில் கிடைக்கிற கடையில் அதே பல்ப் இருக்காது. வயரை வெட்டாமல் மாட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் ஹாலஜனுக்குத் திரும்பி வீடு போய்ச் சேரலாம். கிளம்புவதற்கு முன் ஒரு முறை பகல் வெளிச்சத்தில் கழற்றி மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். தொப்பூரில் இருட்டில் முதல் முறையாக அந்தக் கம்பி கிளிப்பைத் தேடும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.